அன்னக் கோபுரம்

சீன நாட்டில் சியான் என்றொரு நகரம் உண்டு. தாங் பேரரசர் காலத்தில் அதற்குச் சாங்கான் என்று பெயர். அந்நகரின் தென்பாலுள்ள பௌத்த மடத்தில் ஏழு நிலைகளோடு நிற்கும் பெரிய அன்னக் கோபுரத்தைக் காணச் சென்றிருந்தேன். மகத நாட்டில் வழங்கிய ஓர் அன்னப் பறவையின் கதையால் வந்த பெயர் அது. உயரம் ஏறத்தாழ 64 மீட்டர். நம் கோபுரங்களிற் காணும் சுதை உருவங்கள் அங்கில்லை. மேலே செல்லச் செல்லக் குறுகும் வெறுஞ் செங்கற் கட்டடமே. முதற்பார்வையில் எனக்குச் சற்று ஏமாற்றந்தான்.

ஆனால் அது காட்சிக்காக எழுந்ததன்று. ஏடுகளைக் காக்க எழுந்தது. யாத்திரிகர் யுவான் சுவாங் 645-ஆம் ஆண்டு இந்தியாவினின்று மீண்டபோது 657 நூல்களைக் கொணர்ந்தார். அவை சிதறிப்போகுமோ, தீக்கிரையாகுமோ என்ற அச்சம் அவரை வாட்டியது. 652-இல் கோபுரப் பணி தொடங்கிற்று. கல்லாற் கட்ட அவர் விரும்பினார். பேரரசர் காவோசுங் செங்கல்லே போதும் என்றார். ஐம்பது வயதை எட்டியிருந்த அப்பெரியார் தாமே கூடையெடுத்துச் செங்கல் சுமந்தாராம். அவர்தம் சீடர் எழுதிய வரலாறு இதனைக் கூறுகிறது.

அவ்வளவு பாடுபட்டும், உள்ளே மண்ணிட்டுக் கட்டிய அந்த ஐந்து நிலைக் கோபுரம் நெடுநாள் நிற்கவில்லை. செடிகொடி முளைத்துச் சிதைந்தது. பேரரசி வூ காலத்தில், 704-ஐ ஒட்டிப் புதிதாக எழுப்பினர். 1556-ஆம் ஆண்டுப் பெரும் பூகம்பமும் அதனை அசைத்தது. அவர் கொணர்ந்த ஏடுகளோ பெரும்பாலும் மறைந்தே போயின.

மரப்படிகளில் ஏறுகையில் என் நெஞ்சம் காஞ்சியை நாடிற்று. 640-ஐ ஒட்டி யுவான் சுவாங் அங்கு வந்தார். இலங்கைக்குக் கப்பலேறுவது அவர் எண்ணம். அங்கே மன்னன் மாண்டான், பஞ்சமும் கலகமும் மிகுந்தன என்று காஞ்சியிற் சந்தித்த இலங்கைத் துறவிகள் கூறவே திரும்பினார். தருமபாலர் பிறந்த ஊர் காஞ்சி என்றும் குறித்து வைத்தார். நாளந்தாவில் யுவான் சுவாங்குக்குப் பாடஞ்சொன்ன சீலபத்திரர், அத்தருமபாலரின் மாணவர்.

வசுபந்துவின் முப்பது செய்யுட்களுக்கு எழுந்த பத்து உரைகளை யுவான் சுவாங் 659-இல் சீன மொழியில் ஒரே நூலாக இணைத்தார். தருமபாலர் உரைக்கே அதில் முதலிடம் தந்தார். அவ்வுரையின் வடமொழி மூலம் இன்று நமக்குக் கிடைப்பதில்லை. காஞ்சியில் பிறந்தவரின் கருத்தை அறிய வேண்டுமானால் சீனம் பயிலவேண்டும்!

கீழே இறங்கியதும், நான் தமிழ்நாட்டவன் என்று அங்கிருந்த இளந்துறவியிடம் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகக் கூறினேன். அவர் என் குறிப்பேட்டை வாங்கி, யுவான் சுவாங் எழுதிய முறையிலேயே காஞ்சிபுரம் என்ற பெயரை நான்கு சீன எழுத்துகளில் எழுதிக் கொடுத்தார்.