பாராமல் ஆடிய பலகைகள்

சதுரங்கம் பாரத நாட்டில் பிறந்த ஆட்டம் என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். இங்கிருந்து பாரசீகம் சென்று, அராபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்த அவ்வாட்டம் காலப்போக்கில் பல புதிய கோலங்களைப் பூண்டது. பலகையைக் கண்ணால் பாராமலே ஆடுவது அவற்றுள் ஒன்று. அவ்வாறு பலரோடு ஒரே வேளையில் ஆடுவது அதனினும் அரியது. இக்கலையின் வரலாற்றைச் சங்கத்து அன்பர்களுக்கும் நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும் சுருங்கச் சொல்ல விழைகிறோம். ஊரைப் பிரிந்து வாழும் நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் இதனுள் அடங்கியிருக்கிறது.

முதலில் ஆடும் முறையைக் காண்போம். எதிராளிகள் தத்தம் பலகையின் முன் அமர்ந்து கண்ணால் பார்த்தே ஆடுவர். ஆட்டக்காரரோ எல்லாப் பலகைகளுக்கும் முதுகைக் காட்டி அமர்ந்திருப்பார். “ஏழாம் பலகை, குதிரை இன்ன கட்டத்துக்கு நகர்ந்தது” என்று ஒருவர் உரக்கச் சொல்வார். அதைக் கேட்டு அவர் தம் மாற்று நகர்வைச் சொல்லவேண்டும். உடனே எட்டாம் பலகையின் நகர்வு காதில் விழும். ஒரு பலகைக்குக் கட்டங்கள் 64, காய்கள் 32. நாற்பது பலகை என்றால் 2,560 கட்டங்களும் 1,280 காய்களும் ஆகின்றன. அத்தனையும் ஒரே மனத்தில் இடம்பெறவேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கலையால் பெரும்புகழ் எய்தியவர் பிரான்சு நாட்டுப் பிலிடோர். இசை நாடகங்கள் இயற்றிய இசைப்புலவராகிய அவர், 1783-இல் இலண்டன் மாநகரில் மூவரோடு பலகை பாராமல் ஒருங்கே ஆடினார். அதற்கு முந்திய ஆண்டிலேயே அவருடைய நண்பரும் பேரறிஞருமாகிய திதரோ, வெறும் புகழுக்காக அறிவையே பணயம் வைக்கலாகாது என்று அவருக்குக் கடிதம் எழுதித் தடுத்தார். பிலிடோர் விட்டாரில்லை. ஆயினும் அவருடைய அறிவு கலங்கவில்லை. கலங்கியது அவருடைய நாடுதான். பிரெஞ்சுப் புரட்சியின்போது இலண்டனில் இருந்த அவர் பெயர் நாட்டை விட்டு வெளியேறியோர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தாயகம் திரும்ப வழியின்றி 1795-இல் அந்நகரிலேயே அவர் மறைந்தார்.

பின்வந்தோர் எண்ணிக்கையை வளர்த்தனர். அமெரிக்க இளைஞர் மார்ஃபி 1858-இல் பாரிசில் எண்மரோடு பத்து மணி நேரம் ஆடி, ஆறில் வென்று இரண்டைச் சமன் செய்தார். பில்ஸ்பரி 1902-இல் மாஸ்கோவில் 22 பலகைகளும், அலெகைன் 1933-இல் சிகாகோவில் 32 பலகைகளும் ஆடினர். 1937-இல் எடின்பரோவில் பெல்ஜியத்தவராகிய கோல்டனோவ்ஸ்கி 34 பலகைகள் ஆடி, 24-இல் வென்று, 10-ஐச் சமன் செய்தார், ஒன்றிலேனும் தோற்றாரில்லை.

இஃது எவ்வாறு இயல்கிறது? பிரெஞ்சு உளநூலறிஞர் ஆல்ஃபிரெட் பினே இத்தகைய ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 1894-இல் ஒரு நூல் வெளியிட்டார். வல்லுநர்களின் மனத்தில் பலகை நிழற்படம்போல் நிற்பதில்லை என்பதும், காய்களின் நிறமும் வடிவும் மங்கிப்போக, எந்தக் காய் எதனைத் தாக்குகிறது, எதனைக் காக்கிறது என்னும் உறவே நிலைக்கிறது என்பதும் அவர் கண்ட உண்மைகள். பொருள் விளங்கியதே நினைவில் தங்கும் என்பது இதன் கருத்து.

இவ்வுண்மை நம்மவர்க்குப் புதிதன்று. நம் நாட்டு அவதானக் கலையில், வெண்பாவுக்கு ஈற்றடி கேட்பவர் ஒருபுறமும் கணக்குக் கேட்பவர் மறுபுறமும் இருக்க, பலகையைப் பாராமல் சதுரங்கம் ஆடுவதும் ஓர் உறுப்பாக இடம்பெறுவதுண்டு. 1907-இல் சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் நூறு செயல்களை ஒருங்கே நடத்திக் காட்டிச் சதாவதானி எனப் பெயர்பெற்ற கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலரை நாம் மறக்கலாகாது. எதனை எங்கே வைத்தோம் என்னும் ஒழுங்கே அவதானிக்கும் சதுரங்க வல்லுநர்க்கும் பொதுவான துணை.

இனி, நாம் முதலில் குறித்த செய்திக்கு வருவோம். போலந்து நாட்டில் வார்சா நகரையடுத்த ஊரில் 1910-இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் நைடோர்ஃப். 1939-இல் தம் நாட்டுக் குழுவோடு சதுரங்க ஒலிம்பியாடில் ஆட அர்ஜென்டினாவின் தலைநகர் புவனோஸ் அயர்சுக்குச் சென்றார். போட்டி நடந்துகொண்டிருக்கையிலேயே செப்டம்பர் முதல் நாள் ஜெர்மனி போலந்தின்மேல் படையெடுத்தது. மனைவியும் குழந்தையும் பெற்றோரும் உடன்பிறந்தோரும் அங்கே. அவர் மட்டும் கடலுக்கு இப்பால். கடிதம் போக வழியில்லை.

1943-இல் ரொசாரியோ நகரில் அவர் 40 பலகைகளைப் பாராமல் ஆடினார். 36-இல் வெற்றி, ஒன்று சமன், மூன்றில் தோல்வி. இதனைப் புகழுக்காக அவர் செய்யவில்லை. உலகம் கண்டிராத செயலொன்றைச் செய்தால் செய்தித்தாள்கள் அதனை வெளியிடும். போலந்திலோ, ஜெர்மனியிலோ, ரஷ்யாவிலோ வீட்டார் யாரேனும் உயிரோடிருந்தால் தம் பெயரைப் படித்து, தாம் இருக்குமிடத்தை அறிவர் என்பதே அவர் எண்ணம். ஒரு பதிலும் வரவில்லை. யூதரைக் கொன்றழித்த அக்கொடுமையில் அவர் குடும்பமும் மடிந்துபோயிற்று.

1947-இல் சாவோ பாலோவில் 45 பலகைகளை ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் ஆடி, 39-இல் வென்றார். பின்பு மூன்று நாள் தூக்கம் வராமல் தவித்து, சினிமாக் கொட்டகையில்தான் கண்ணயர்ந்ததாக அவரே கூறியதுண்டு. அர்ஜென்டினாவின் குடிமகனாகிப் புதுக் குடும்பம் கண்ட அவர் 1997-இல் மறைந்தார். எண்ணிக்கையில் அவரை விஞ்சியோர் பின்னர்த் தோன்றினர்: 2011-இல் ஜெர்மானியர் மார்க் லாங் 46 பலகைகளும், 2016-இல் திமூர் கரேயெவ் 48 பலகைகளும் ஆடினர். அவர்கள் திறமும் போற்றத்தக்கதே. ஆயினும் ரொசாரியோவின் நாற்பது பலகைகளை நினைக்கும்போது நம் நெஞ்சு சற்றே கனக்கிறது.

நாமும் ஊரைவிட்டு வந்தவர்கள்தாம். ஆனால் வழி அடைபட்டவர்கள் அல்லோம். இரயில் ஏறினால் ஊர் வருகிறது. தொலைபேசியில் அழைத்தால், “சாப்பிட்டாயா?” என்று கேட்க அங்கே ஒரு குரல் இருக்கிறது. அக்குரலைக் கேட்க நைடோர்ஃப் நாற்பது பலகைகள் ஆடினார். நமக்கு அத்துணை உழைப்பு வேண்டுவதில்லை. நம் பிள்ளைகள் சதுரங்கம் பயிலட்டும். கண்ணை மூடிக்கொண்டும் ஆடிப் பார்க்கட்டும். ஊரிலிருக்கும் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் வாரம் ஒருமுறையேனும் தம் குரலைக் கேட்பிக்கவும் மறவாதிருக்கட்டும்.