மேலங்கிக்குள் தைத்து வைத்த தாள்



பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் 'பாஸ்கல் விதி' என்று ஒன்று உண்டு. அழுத்தத்தை அளக்கும் அலகுக்கும் அதே பெயர்தான். நம் பிள்ளைகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் அந்தப் பெயருக்கு உரியவர், ஒரு தாளைத் தம் மேலங்கியின் உள்துணிக்குள் தைத்துச் சாகும்வரை சுமந்தவர். இன்று அவரைப் பற்றியே சிந்திப்போம்.

கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் கவலையோடு கேட்பதுண்டு: "சாமி, மேல்நாட்டுத் தத்துவம், இலக்கியம் என்று என்னென்னவோ படிக்கிறான். எதையெடுத்தாலும் கேள்வி கேட்கிறான். விசுவாசம் போய்விடுமோ?" இந்தப் பயம் நமக்கு மட்டும் வந்ததல்ல. திருச்சபைக்கும் வந்தது. 1559-இல் திருத்தந்தை நான்காம் பவுல் காலத்தில், கத்தோலிக்கர் படிக்கக் கூடாத நூல்களின் பட்டியல் உரோமையில் வெளியானது. இயேசு சபையாரின் பள்ளியில் படித்து, கத்தோலிக்கராகவே இறந்த ரெனே டெகார்ட்டின் நூல்களும் 1663-இல் அதில் சேர்ந்தன. 1966-இல்தான் அந்தப் பட்டியலின் சட்ட வலிமை நீங்கியது.

பிளேய்ஸ் பாஸ்கல் 1623 ஜூன் 19 அன்று பிரான்சு நாட்டின் கிளெர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். தந்தை வரித்துறை அலுவலர். அவர் இரவெல்லாம் கூட்டிக் கழிப்பதைப் பார்த்த மகன், பத்தொன்பது வயதிலேயே கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். 1648-இல் அவருடைய வேண்டுகோளின்படி அவருடைய அக்காவின் கணவர், பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயோடு புய் தெ டோம் மலையில் ஏறினார். மேலே போகப்போக பாதரசம் இறங்கியது. காற்றுக்கு எடை உண்டு, உயரம் கூடக்கூட அதன் அழுத்தம் குறையும் என்பது அதனால் உறுதியானது.

அறிவும் புகழும் இருந்தன. உள்ளம் மட்டும் நிறையவில்லை. 1654 நவம்பர் 23 இரவு, ஏறக்குறைய பத்தரை மணி முதல் பன்னிரண்டரை வரை, அவர் இறைவனின் பிரசன்னத்தை நெருப்பைப் போல உணர்ந்தார். அதை ஒரு தாளில் எழுதினார். அந்தத் தாளில் வாதங்கள் இல்லை. ஆபிரகாமைப் பெயர் சொல்லி அழைத்த கடவுளை, நற்செய்தியில் நாம் காணும் இயேசுவைத் தாம் கண்டுகொண்ட மகிழ்ச்சியும் கண்ணீருமே இருந்தன. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. புது மேலங்கி வாங்கும்போதெல்லாம் பழையதிலிருந்து பிரித்தெடுத்துப் புதியதில் தைத்துக்கொண்டார். எட்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் இறந்த பிறகுதான், வேலையாள் ஒருவர் அதைக் கண்டெடுத்தார்.

அந்த இரவுக்குப் பின் பாஸ்கல் சிந்திப்பதை விட்டுவிட்டாரா? இல்லை. கிறிஸ்தவ நெறி ஏன் நம்பத்தக்கது என்று விளக்கும் நூலுக்காகக் குறிப்புகள் எழுதிக்கொண்டே இருந்தார். மனிதன் நாணலைப் போல வலிமையற்றவன். ஆனால் தன் வலிமையின்மையை அறிந்திருப்பதால் மேன்மையானவன் என்பது அவருடைய புகழ்பெற்ற சிந்தனை. கடவுளைத் தேடப் பகுத்தறிவு வேண்டும், ஆனால் பகுத்தறிவு மட்டும் போதாது, இதயமும் அறியும் என்றார். அந்தக் குறிப்புகள் 1670-இல் 'சிந்தனைகள்' என்ற நூலாக வந்தன.

அவருக்கு எல்லாம் சரியாக அமைந்துவிடவில்லை. இயேசு சபையாரில் சிலருடைய ஒழுக்கவியல் போதனையைக் கேலி செய்து 1656, 1657 ஆண்டுகளில் புனைபெயரில் பதினெட்டுக் கடிதங்கள் வெளியிட்டார். அந்த நூல் 1657-இலேயே தடைப்பட்டியலில் ஏறியது. அவர் ஆதரித்த ஜான்சனிய இயக்கத்தின் கருத்துகள் சிலவற்றைத் திருச்சபை ஏற்கவில்லை. ஆனால் காலம் என்ன செய்தது பாருங்கள்! 2023-இல், பாஸ்கல் பிறந்த 400-ஆம் ஆண்டில், அவரைப் போற்றித் திருத்தூது மடல் எழுதினார் திருத்தந்தை பிரான்சிஸ். அவர் இயேசு சபையைச் சேர்ந்தவர்!

ஒருவருடைய படிப்பு எத்தகையது என்பது, அவர் ஏழையிடம் நடந்துகொள்ளும் விதத்தில் தெரிந்துவிடும். 1662-இல் பாரிஸ் நகரில், குறைந்த கட்டணத்தில் பொதுமக்கள் ஏறிச் செல்லும் குதிரை வண்டிகளை ஓடச் செய்தவர்களில் பாஸ்கல் ஒருவர். அதில் தமக்கு வரும் பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்க விரும்பினார். தம் வீட்டில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இடம் கொடுத்திருந்தார். அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு அம்மை கண்டது. தம்மைக் கவனிக்க வரும் அக்காவின் பிள்ளைகளுக்கும் அது தொற்றிவிடக்கூடும். யாராவது ஒருவர் வெளியேற வேண்டும். நோயுற்றிருந்த பாஸ்கல், நோயாளிப் பிள்ளையை அப்புறப்படுத்தாமல், தாமே வீட்டை விட்டு அக்கா வீட்டுக்குப் போனார். தீராத நோயாளிகளின் மருத்துவமனையில் ஏழைகளோடு சாக வேண்டும் என்று கேட்டார், மருத்துவர்கள் அனுமதிக்கவில்லை. நற்கருணை உட்கொண்டு, ஆகஸ்ட் 19 அன்று, முப்பத்தொன்பது வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் படிக்கட்டும். டெகார்ட்டையும் படிக்கட்டும், பாஸ்கலையும் படிக்கட்டும். அவர்கள் கேட்கும் கேள்விகளை அதட்டி அடக்காதீர்கள். வாய் மூடிய பிள்ளையின் மனம் மூடிவிடுவதில்லை. அந்தக் கேள்வியோடு அவன் வேறு வாசலுக்குப் போய்விடுவான். பதில் தெரியாவிட்டால், "வா, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். எம்மாவு வழியில் குழம்பிப் பேசிக்கொண்டு போன சீடர்களோடு ஆண்டவரும் சேர்ந்து நடந்தாரே!

அன்பு இளையோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நூல்களை அரைகுறையாகப் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். எழுதியவரின் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் மண்டியிட்ட இடத்தை விட்டுவிடாதீர்கள். பாஸ்கலின் விதியைத் தெரிந்துகொண்ட நீங்கள், அவருடைய மேலங்கிக்குள் இருந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஞானத்தின் ஊற்றாகிய இறைவா, தேடும் மனதையும் பணியும் இதயத்தையும் எங்களுக்குத் தாரும். எங்கள் படிப்பு எங்களை உம்மிடமும், துன்புறும் எளியவரிடமும் சேர்ப்பதாக. ஆமென்.