டூரோ ஆற்றின் மலைப்படிகள்

போர்த்துக்கீசியர் என்றதும் 1511ஆம் ஆண்டு மலாக்காவைக் கைப்பற்றிய பீரங்கிக் கப்பல்களே இந்நாட்டாருக்கு நினைவில் எழும். அவர்தம் தாயகத்தின் வடபுறத்தே, டூரோ ஆற்றின் இருகரைகளிலும், கப்பலினும் வியத்தற்குரிய ஒன்றை அந்நாட்டு உழவர் ஆக்கி வைத்துள்ளனர். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி எழுப்பிய கொடிமுந்திரித் தோட்டங்களே அவை.

அங்கே மண் என்பது பெயரளவில்தான். ஏடு ஏடாகப் பிளவுறும் பாறையை உடைத்து, கல்லைச் சாந்தின்றி அடுக்கிச் சுவராக்கி, நொறுங்கிய தூளையே மண்ணாக்கினர். கொடியின் வேர் பாறைப் பிளவுகளினூடே ஆழச் சென்று நீர் தேடும். இவ்வேலைக்கு ஸ்பெயினின் கலீசியாவிலிருந்தும் கூலியாட்கள் வந்தனர். அவர்தம் பெயர்களை எந்தப் புட்டியிலும் காணவியலாது.

பெயர் பெற்றவர், பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சரே. 1703ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் இங்கிலாந்தில் இத்தேறலுக்குப் பெருங்கிராக்கி ஏற்பட்டது. கிராக்கியோடு கலப்படமும் வந்தது. எல்டர் என்னும் செடியின் கரும்பழச் சாற்றைச் சேர்த்து நிறம் கூட்டினர். விலை சரிந்தது. 1756இல் அமைச்சர் ஒரு கும்பினியை நிறுவி, நல்ல தேறல் விளையும் நிலத்துக்கு எல்லை வகுத்தார். 335 கருங்கற்கள் நடப்பட்டன; எல்டர் செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டன. உலகில் முதன்முதல் எல்லை வகுக்கப்பட்ட தேறல் நிலம் இதுவே என்பர். இத்தாலியின் கியாந்திக்கு 1716இலேயே எல்லை உண்டாதலின் அக்கூற்று முற்றும் பொருந்தாது. எல்லையோடு தரக்காவலையும் இறுகப் பிணைத்ததே டூரோவின் சிறப்பு. அக்காவலின் மறுபக்கமும் மறைத்தற்குரியதன்று. கும்பினியின் தனியுரிமையை எதிர்த்து 1757இல் போர்ட்டோ நகரத்தார் கிளர்ந்தபோது பலர் தூக்கிலிடப்பட்டனர்.

பீப்பாய்கள் ரபெலோ என்னும் படகுகளில் அந்நகருக்கு இறங்கின. வலெய்ரா என்னும் பாறையிடுக்கில் 1861இல் படகு கவிழ, அவ்வாற்றை வரைபடமாக்கிய ஃபாரஸ்டர் என்னும் ஆங்கிலேய வணிகர் மூழ்கி இறந்தார். இடையில் கட்டிய காசுப் பையே அவரை அமிழ்த்தியது என்பது ஊர்க்கதை. உடன் சென்ற அந்தோனியா ஃபெரெய்ரா அம்மையார், அகன்ற பாவாடை மிதந்ததால் பிழைத்தாராம்! பின்னர் அணைகள் எழுந்து அச்சுழல்கள் அடங்கின.

அமெரிக்காவிலிருந்து வந்த வேர்ப்பூச்சி 1860களில் தொடங்கிக் கொடிகளை அழித்தது. அமெரிக்கக் கொடியின் அடிக்கட்டையில் ஒட்டுக் கட்டியே தோட்டங்கள் மீண்டன. மீளாத படிகள் பல இன்றும் புதர் மண்டிக் கிடக்கின்றன. அவற்றை அவ்வூரார் மொர்த்தோரியோ என்பர். சாவோடு தொடர்புடைய சொல் அது.

சுவரின்றி மண்சரிவு மட்டும் விட்டு, இயந்திரம் புகுமாறு அமைத்த படிகள் 1970களிலிருந்து பெருகின. 2001இல் யுனெஸ்கோ ஏறத்தாழ 24,600 ஹெக்டர் பரப்பை உலக மரபுடைமையாக ஏற்றது. சுவர் சரிந்தால் அடுக்குவதற்கு வேண்டிய கல் அவ்விடத்திலேயே உண்டு. அடுக்கத் தெரிந்த கைகளோ அருகி வருகின்றன.