செப்பேட்டில் உறங்கிய பாடல்கள்

சொல்லை ஓலையிலும் செம்பிலும் எழுதி வைக்கலாம். இசையோ பாடுவார் தொண்டையிலன்றி வேறெங்கும் தங்குவதில்லை. பாடுவார் வழி அற்றுப்போயின் சொல் மட்டுமே எஞ்சும். அவ்வாறு எஞ்சிய சொல்லுக்குப் பின்வந்தோர் இசை அமைத்த வரலாறு ஒன்று நம்மை அடுத்த மைசூருடனும் தொடர்புடையது.

தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) திருவேங்கடமுடையானைத் தெலுங்கிலும் வடமொழியிலும் பாடியவர். பாடியவை 32,000 என்பது மரபு. தாலாட்டு, உலக்கைப் பாட்டு, கோலாட்டப் பாட்டு எனப் பாமரர் பாடும் வகைகளையும் அவர் தள்ளினாரில்லை. அவர்தம் குடும்பத்தார் பாடல்களைச் செப்பேடுகளிற் பொறித்து வைத்தனர். 2,000க்கு மேற்பட்ட ஏடுகள்! அவை திருமலைக் கோயிலினுள் ஒரு சிற்றறையில் சில நூற்றாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவை வெளிப்பட, சாது சுப்பிரமணிய சாஸ்திரியார், வேட்டூரி பிரபாகர சாஸ்திரியார் முதலிய அறிஞர்கள் ஆராய்ந்து பதிப்பித்தனர். கிடைத்த பாடல்கள் 12,000க்கு மேல்.

ஆயின், ஏட்டில் இருந்தது இராகத்தின் பெயர் மட்டுமே, சுரம் இல்லை. அவ்விராகங்களுள் சாமந்தம் போன்றவை இன்று அரிதாகவே பாடப்பெறுகின்றன. பெயர் நிற்க, வடிவம் மாறியனவும் உள. பார்சல் சீட்டில் சேருமிடம் மட்டும் எழுதி, செல்லும் வழியை எழுதாது விட்டாற்போல என்று எம் இரயில்வே வழக்கிற் கூறலாம்.

இந்நிலையில் வந்தவர் இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா (1893–1979). மைசூர் மகாராஜா கல்லூரியில் ஏறத்தாழ நாற்பதாண்டு தெலுங்கு கற்பித்தவர். பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் இசை பயின்றவர். புலமையும் இசையும் ஒருவரிடத்தே அமைந்தது நம் நற்பேறு. திருப்பதி தேவஸ்தானத்தார் அழைப்பை ஏற்றுச் சென்று, நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு வருணமெட்டு அமைத்துச் சுரப்படுத்தி வெளியிட்டார். அவருக்குப் பின் நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, பாலகிருஷ்ண பிரசாத் முதலியோர் அப்பணியைத் தொடர்ந்தனர். 1980ஐ ஒட்டி எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிய இசைத்தட்டுக்களால் இப்பாடல்கள் தமிழர் இல்லங்களிலும் புகுந்தன.

பழம்பாட்டுக்குப் புது மெட்டிடுவது முறையோ என்று வினவுவாரும் உளர். அன்னோர் நம் தேவாரத்தை நினைத்தல் வேண்டும். தில்லையிற் கிடைத்த ஏடுகளுக்குப் பண் வகுத்தவர் எருக்கத்தம்புலியூரில் பாணர் மரபிற் பிறந்த ஒரு பெண்மணி என்று திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. அமெரிக்காவில் 1967இல் மறைந்த நாட்டுப்பாடகர் உட்டி கத்ரி இசையின்றி விட்டுச்சென்ற வரிகளையும், அவர் மகளார் வேண்ட, பில்லி பிராக் என்ற ஆங்கிலேயரும் வில்கோ குழுவினரும் மெட்டமைத்து 1998இல் வெளியிட்டனர். எவரும் அவற்றைக் கத்ரியின் மெட்டுக்கள் என்பதில்லை.

நம்மவரோ அவ்வாறன்று. ‘நானாடி பதுகு’ பாடலின் ரேவதி இராக மெட்டு நேதுநூரி அமைத்தது. அதனையும் ஐந்நூறாண்டுப் பழமை என்றே பலர் எண்ணுகின்றனர். பாடினவர் பெயரை அறிவர், இயற்றினவர் பெயரை அறிவர், இடையில் மெட்டமைத்தவர் பெயரை மறந்தனர். இது நன்றியன்று என்பது என் கருத்து. நம் காலனிச் சிறுமியர் ஆண்டு விழாவில் இப்பாடல்களைப் பாடுங்கால், நிகழ்ச்சி நிரலில் மெட்டமைத்தார் பெயரையும் அச்சிடுமாறு விழாக் குழுவினரை வேண்டுகிறேன். அதற்கு ஒரு வரி இடமே போதும்.