வலியின் வரையறையில் ஒரு வினைச்சொல்

கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் பெரும்பாலும் பெயர்ச்சொற்களையே கருத்தூன்றி நோக்குகின்றனர். வரையறைத் தொடரில் வரும் வினைகளும் எச்சங்களும் இணைப்பிடைச்சொற்களும் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. ஆயினும் ஒரு வரையறை யாரை உள்ளடக்குகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதைப் பல வேளைகளில் இவையே முடிவு செய்கின்றன. பன்னாட்டு வலி ஆய்வுக் கழகம் 1979ஆம் ஆண்டில் வலிக்கு வகுத்த வரையறையும், 2020ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்ட முறையும் இதற்குத் தக்க சான்றுகளாகும். அவ்வரையறையில் ‘விவரித்தல்’ என்னும் வினை இடம்பெற்ற காரணத்தையும் இடமிழந்த காரணத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. வரையறைக்கு முந்திய நிலை

பிரெஞ்சு மெய்யியலார் தெகார்த் 17ஆம் நூற்றாண்டில் வலியை ஒரு கயிற்றோடு ஒப்பிட்டு விளக்கினார். கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையில் மணி ஒலிப்பதைப் போல, காலில் தீப்பட்டதும் நரம்பிழை வழியாக அச்செய்தி மூளையை அடைகிறது என்பது அவர் கருத்து. இக்கருத்தின்படி வலியின் அளவு காயத்தின் அளவை ஒட்டியதாக இருத்தல் வேண்டும். ஆனால் துண்டிக்கப்பட்டு இல்லாமற்போன காலில் வலிப்பதாகக் கூறுவோர் உண்டு. பெருங்காயமுற்றும் வலியை உணராத போர்வீரர்களும் உண்டு. இவ்விரு நிலைகளையும் கயிற்று உவமையால் விளக்க இயலவில்லை.

1965ஆம் ஆண்டில் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் ஆகிய இருவரும் வாயிற்கட்டுப்பாட்டுக் கோட்பாட்டை வெளியிட்டனர். உடலிலிருந்து வரும் செய்திகள் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்தப்படவோ மிகுவிக்கப்படவோ கூடும் என்பதும், மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகள் இதில் பங்கு கொள்கின்றன என்பதும் அதன் சாரம். நுணுக்கங்களில் இக்கோட்பாடு பின்னர்த் திருத்தம் பெற்றது. ஆயினும் காயம் வேறு, வலி வேறு என்னும் தெளிவு இதனால் நிலைபெற்றது.

காயத்தைக் கொண்டு வலியை அளக்க இயலாதெனின் வேறு எதைக் கொண்டு அளப்பது? இவ்விடத்தில்தான் மொழி ஆய்வுக்கூடத்தினுள் நுழைகிறது. மெல்சாக் 1971ஆம் ஆண்டில் டார்கர்சன் என்பாருடன் சேர்ந்து, வலியைக் குறிக்கும் 102 ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து வகைப்படுத்தினார். 1975ஆம் ஆண்டில் 78 சொற்களை 20 தொகுதிகளில் அடக்கிய மெக்கில் வலி வினாநிரல் வெளிவந்தது. புலனுணர்வைக் குறிப்பன, மனவுணர்ச்சியைக் குறிப்பன, மதிப்பீட்டைக் குறிப்பன என அச்சொற்கள் பகுக்கப்பட்டன. நோயாளி தேர்ந்தெடுக்கும் சொல்லே ஆய்வுக்குரிய தரவாயிற்று.

2. ‘விவரிக்கப்படும்’ என்னும் எச்சம்

ஹரால்டு மெர்ஸ்கியின் தலைமையில் அமைந்த குழு உருவாக்கிய 1979ஆம் ஆண்டு வரையறையின் கருத்தை இவ்வாறு தரலாம்: வலி என்பது விரும்பத்தகாத புலனுணர்வும் மனவுணர்ச்சியும் கலந்த ஓர் அனுபவம். அது திசுக்கள் சேதமுறுவதோடு, அல்லது சேதமுறக்கூடிய நிலையோடு தொடர்புடையது, அல்லது அத்தகைய சேதத்தைக் குறிக்கும் சொற்களால் விவரிக்கப்படுவது.

இறுதியில் வரும் ‘அல்லது’ மிக முதன்மையானது. சேதம் எதுவும் கண்டறியப்படாவிடினும், ‘குத்துகிறது’, ‘எரிகிறது’ என ஒருவர் கூறுவாராயின் அதனை வலியென ஏற்றல் வேண்டும் என்பது இதன் பயன். காரணம் புலப்படாத நாட்பட்ட வலியால் துன்புற்றோரைப் பொய்யுரைப்போர் என ஒதுக்கும் போக்குக்கு இது தடையாக அமைந்தது.

வரையறையோடு வந்த குறிப்பு, வலி என்னும் சொல்லின் பயன்பாட்டை ஒவ்வொருவரும் இளமையில் ஏற்படும் காயங்களின் வழியே கற்றுக்கொள்வதாகக் கூறியது. 1953ஆம் ஆண்டில் வெளிவந்த விட்கென்ஸ்டைனின் நூலில் இதற்கு நெருங்கிய சிந்தனையைக் காணலாம். குழந்தை அடிபட்டு அழுகிறது. பெரியோர் அதற்குச் சொற்களைக் கற்பிக்கின்றனர். அழுகையின் இடத்தைச் சொல் பெறுகிறது என்பார் அவர். ஆனால் சொல் வருமுன் அங்கே அழுகை இருந்தது என்பது இச்சிந்தனையின் மறுபாதி. 1979ஆம் ஆண்டு வரையறையில் அதற்கு வெளிப்படையான இடம் இல்லை.

3. விவரிக்க இயலாதோர்

இஃது ஏட்டளவில் நின்றுவிட்ட சிக்கலன்று. பிறந்த குழந்தைகளுக்குப் போதிய வலிநீக்கி இன்றி அறுவை மருத்துவம் செய்யும் வழக்கம் 1980களிலும் நிலவியது. தசைகளை இயங்காமற் செய்யும் மருந்தும் நைட்ரஸ் ஆக்சைடும் போதுமெனக் கருதப்பட்டன. குழந்தையின் நரம்புகளில் மயலின் உறை முழுமை பெறாமையால் வலியுணர்வு இராது என்பது ஒரு காரணம். மயக்க மருந்தின் இடர் குறித்த அச்சம் மற்றொன்று. வளர்ந்தோரிடத்தும் வலிச்செய்தியின் ஒரு பகுதியை மயலின் உறையற்ற நரம்பிழைகளே சுமக்கின்றன. ஆதலின் முதற்காரணம் பொருந்தாது. இவ்வழக்கம் 1979ஆம் ஆண்டு வரையறைக்கு முற்பட்டது. வரையறை அதனைத் தோற்றுவிக்கவில்லை. ஆனால் அதனை மறுத்துரைக்க உதவும் சொல் எதுவும் வரையறையில் இல்லை என்பது கருதத்தக்கது.

கன்வல்ஜீத் ஆனந்தும் உடனாய்வாளர்களும் 1987ஆம் ஆண்டில் குறைமாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வொன்றை வெளியிட்டனர். அறுவையின்போது ஃபென்டனில் என்னும் வலிநீக்கியும் பெற்ற குழந்தைகளைவிட, அதனைப் பெறாத குழந்தைகளின் உடலில் அழுத்தத்தைக் காட்டும் இயக்குநீர் மாற்றங்கள் மிகுந்திருந்தன. அறுவைக்குப் பிந்திய சிக்கல்களும் மிகுந்திருந்தன. குழந்தைகள் எதையும் விவரிக்கவில்லை. அவர்தம் குருதி சான்று தந்தது. அதே ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பச்சிளங்குழந்தைகளுக்கும் மயக்க மருந்தைப் பாதுகாப்பாகத் தரலாம் என அறிவித்தது.

1996ஆம் ஆண்டில் ஆனந்தும் கென்னத் கிரெய்கும் வரையறையையே வினாவுக்கு உட்படுத்தினர். சொல்லால் அறிவிப்பதை அளவுகோலாகக் கொண்டால் குழந்தைகளும், பேசவியலாத பிறரும் புறக்கணிக்கப்படுவர் என்பது அவர்தம் வாதம். பேச இயலாமை வலியின்மைக்குச் சான்றாகாது என்னும் கருத்து பின்னர் வரையறையின் குறிப்பில் சேர்க்கப்பட்டது. வரையறைத் தொடர் மாறவில்லை.

2015ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், பிறந்து ஒரு வாரம் நிரம்பாத 10 குழந்தைகளின் பாதத்தில் ஊறு விளைவிக்காத குத்தூன்றலைச் செய்து மூளைப் படம் எடுத்தனர். வளர்ந்தோரிடம் செயற்பட்ட 20 மூளைப் பகுதிகளுள் 18 பகுதிகள் குழந்தைகளிடமும் செயற்பட்டன. மூளைச் செயற்பாடும் வலி என்னும் அனுபவமும் ஒன்றே எனக் கூற இயலாது. எனினும் இம்முடிவு வாதத்திற்கு வலுவூட்டிற்று.

4. 2020ஆம் ஆண்டுத் திருத்தம்

ஸ்ரீநிவாச ராஜா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 2020ஆம் ஆண்டில் வரையறை திருத்தப்பட்டது. திசுச் சேதத்தோடு தொடர்புடைய அனுபவம், அல்லது அத்தகைய அனுபவத்தை ஒத்த அனுபவம் என அது மாறியது. விவரித்தல் என்னும் வினை நீங்கியது. சொல்லால் விவரிப்பது வலியை வெளிப்படுத்தும் நடத்தைகள் பலவற்றுள் ஒன்று மட்டுமே என்னும் குறிப்பும் சேர்ந்தது. ஒருவர் தம் வலியைக் கூறினால் அதனை மதித்தல் வேண்டும் என்னும் குறிப்பும் இடம்பெற்றது. முந்திய வரையறை பெற்றுத்தந்த பயன் இவ்வாறு காக்கப்பட்டது.

இம்மாற்றத்தைத் தமிழில் தருங்கால் ஒன்று புலனாகிறது. ‘விவரிக்கப்படும் அனுபவம்’ என்பதில் செயப்பாட்டுவினை எழுவாயை மறைத்துவிடுகிறது. ‘ஒருவர் விவரிக்கும் அனுபவம்’ எனத் தமிழின் இயல்புக்கேற்ப மாற்றினால், அந்த ‘ஒருவர்’ யார் என்னும் வினா உடனே எழுகிறது. விவரிக்க இயலாதவரின் நிலை என்ன என்பதும் தொடர்ந்து எழுகிறது. புதிய வரையறையில் வினையின் இடத்தை ‘போன்ற’ என்னும் உவம உருபு பெறுகிறது. உவமைக்குப் பேசுவோன் வேண்டுவதில்லை. எனினும் ஒப்புமையைக் காண்போர் ஒருவர் வேண்டும். குழந்தையின் வலியைப் பொறுத்தவரை, அப்பொறுப்பு இப்போது அருகில் நிற்பவரைச் சார்கிறது.

மருத்துவ வரையறைகளைத் தமிழாக்குவோர் பெயர்ச்சொற்களுக்கு இணை தேடுவதோடு அமையாமல், ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் யாது என வினவிப் பார்த்தல் வேண்டும். அத்தொடரில் இடமில்லாமற் போனவர் யாவர் என்பது அப்போது தெரியவரும்.