ஓட்டைப் பானை சொன்ன செய்தி

பால் திரிந்துவிட்டால் வீணாயிற்றே என்று வருந்துகிறோம். ஆனால், திரிந்த பாலை வடிகட்டிக் கட்டியாக்கக் கற்றது மனித குலத்தின் உணவு வரலாற்றில் ஒரு பெரிய திருப்பமாகும். இதற்கான பழஞ்சான்று ஒன்று போலந்து நாட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்துள்ளது.

அந்நாட்டின் குயாவியா வட்டாரத்தில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் உழவர்கள் வாழ்ந்தனர். அவர்கள் மாடு வளர்த்தனர், மட்பாண்டம் வனைந்தனர். அவர்களுடைய குடியிருப்புகளை அகழ்ந்தபோது, சிறு சிறு துளைகள் நிறைந்த பாண்டங்களின் ஓடுகள் கிடைத்தன. நீர் நில்லாத பானையால் என்ன பயன்? தேன் வடிக்கவா? நெருப்புக் கங்குகளை வைக்கவா? அவை பாலாடைக்கட்டி வடிக்கும் கலங்களாக இருக்கலாம் என்று அமெரிக்கத் தொல்லியல் அறிஞர் பீட்டர் போகுக்கி 1984-ல் எழுதினார். கருத்து பொருத்தமாகவே தோன்றியது; நிரூபணந்தான் இல்லை.

அது 2012-ல் கிடைத்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெலானி சால்க், ரிச்சர்ட் எவர்ஷெட் முதலியோர் போகுக்கியுடன் சேர்ந்து அவ்வோடுகளை ஆராய்ந்தனர். மட்பாண்டம் தன்னுள் ஊறிய கொழுப்பை எளிதில் விடுவதில்லை. அக்கொழுப்பிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளின் விகிதம் பாற்கொழுப்பில் ஒரு விதமாகவும், இறைச்சிக் கொழுப்பில் வேறு விதமாகவும் இருக்கும். துளைப் பாண்டங்களில் ஊறியிருந்தது பெரும்பாலும் பாற்கொழுப்பே!

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. அக்கால ஐரோப்பியரின் எலும்புகளிலிருந்து எடுத்த மரபுப்பொருளை ஆராய்ந்ததில், வளர்ந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்குப் பால் எளிதில் செரித்திராது என்று தெரிகிறது. குழந்தைப் பருவம் கடந்ததும் அவர்கள் குடலில் லாக்டேஸ் என்னும் நொதி குறைந்துவிடும். பாற்சர்க்கரையாகிய லாக்டோஸ் செரிக்காமல் வயிற்று உப்புசமும் பேதியும் உண்டாகும். இன்றும் உலக மக்களுள் சுமார் மூன்றில் இரு பங்கினர் லாக்டேஸ் குறைந்தவர்களே. அப்படியானால், ஒவ்வாத பாலை அவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள்?

துளைப் பானையே இதற்கு விடை. பால் புளிக்கும்போது பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் மிகுந்ததும் கேசீன் என்னும் புரதம் திரண்டு, கொழுப்பையும் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. வடிகட்டினால் எஞ்சிய லாக்டோஸில் பெரும்பகுதி நீரோடு போய்விடும். சத்து மிகுந்த கட்டி பானையில் தங்கிவிடும்.

இவ்வாறு புளிக்கவைத்து வடித்த கட்டியைப் போலந்து மக்கள் இன்றும் 'த்வாரூக்' என்ற பெயரில் விரும்பி உண்கின்றனர். 100 கிராம் பாலில் புரதம் சுமார் 3 கிராம். த்வாரூகிலோ சுமார் 18 கிராம். ஆனால் ஒரு குறையும் உண்டு. அமிலத்தால் திரியும்போது கால்சியத்தின் பெரும்பகுதி கரைந்து நீரோடு சென்றுவிடுகிறது. ஆகவே வடித்த நீரைக் கொட்டாமல் மாவு பிசையவோ குழம்பில் சேர்க்கவோ பயன்படுத்துவது நல்லது.

போலந்துச் சமையலில் த்வாரூகை முள்ளங்கி, வெங்காயத்தாள் ஆகியவற்றோடு கலந்து ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வர். உருளைக்கிழங்கோடு பிசைந்து, 'பியெரோகி' என்னும் கொழுக்கட்டைக்குப் பூரணமாக வைப்பர். முட்டையும் சர்க்கரையும் சேர்த்து 'செர்னிக்' என்னும் கேக் செய்வர். காய்ச்சிய பாலில் எலுமிச்சைச் சாறு விட்டு நாம் செய்யும் பனீரும் இதற்கு நெருங்கிய உறவே.

வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்க உதவும் மரபணு மாற்றம் ஐரோப்பாவில் பரவலானது, இந்தப் பானைகளுக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னர்தான். உடல் மாறும்வரை அந்த உழவர்கள் காத்திருக்கவில்லை, பானையில் துளையிட்டார்கள்.