நெல்லும் வேலியும்



ஆனித் தேரோடும் இத்திருநாளில் நம் ஊரின் பெயரையே சற்றுச் சிந்திப்போம். அடியவராகிய வேதசர்மர், பெருமானுக்குத் திருவமுது படைக்க இரந்து பெற்ற நெல்லை உலரவிட்டு நீராடச் சென்றார். பெருமழை பொழிந்தது, நெல்லோ நனையவில்லை. வேலியிட்டாற்போல் இறைவன் காத்தருளினான் என்பது தலவரலாறு. வேலி என்பது காவலை மட்டுமன்று, நில அளவையும் குறிக்கும். இருபது மா கொண்டது ஒரு வேலி. நிலத்தை மதித்து வரி கொள்வோருக்கு இவ்விரு பொருளும் ஒருங்கே வேண்டும்.

முதலாம் இராசராசன் கி.பி. 1001-ஐ ஒட்டியும், முதற் குலோத்துங்கன் 1086-இலும் நாடளந்தனர். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. அதனையும் முந்நூற்றிருபதாகப் பகுத்தது கீழ்முந்திரி. இத்துணை நுட்பமாக அளந்தோர் அளந்த அனைத்திற்கும் வரி விதித்தாரல்லர். ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றை நீக்கி, எஞ்சிய நிலத்திற்கே காணிக்கடன் கணித்தமையைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் காட்டுகின்றன. தேவதானமாக விட்ட ஊர்களிலோ, அரசனுக்குரிய இறை இறைவனுக்கே உரியதாயிற்று.

1801-இல் நெல்லைச் சீமை கும்பினியார் ஆட்சிக்குட்பட்டது. அவர்கள் காலத்தில் கோயில் நிலங்கள் பல அரசின் கைக்குச் சென்றன. ஈடாகத் ‘தஸ்திக்’ என்னும் பணம் வழங்கப்பட்டது. நெல் விலை ஏறியது. பணமோ நின்ற இடத்தில் நின்றது. படித்தரம் சுருங்கியதில் வியப்பென்ன?

குடிகளுக்கோ ‘ஒழுங்கு’ என்னும் முறை வந்தது. நெல் விலை ஏறினால் தீர்வை ஏறும், இறங்கினால் இறங்கும். அந்நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த நிலவரித் திட்டம் மண்ணின் தரம், நீர்ப்பாய்ச்சலின் உறுதி, விளைவு ஆகியவற்றை ஆராய்ந்தது. சாகுபடிச் செலவைக் கழித்து, எஞ்சியதில் பாதியே அரசின் பங்கெனக் கொண்டது. பொருநை நீர் தவறாது பாயும் கார், பிசான இருபோக நன்செய்க்கும், வானம் பார்த்த புன்செய்க்கும் ஒரே தீர்வை நீதியாகாதன்றோ? ஆயினும் குறித்த தீர்வை ஆண்டுதோறும் நின்றது, மழை நில்லாதே! பயிர் பொய்த்த ஆண்டில் குடியானவன் வஜாவை எதிர்நோக்கிக் காத்திருக்க நேர்ந்தது.

இன்று பத்திரப் பதிவிற்கு வழிகாட்டி மதிப்பு உண்டு. வீட்டிற்குப் பரப்பையும் பகுதியையும் நோக்கிச் சொத்து வரி உண்டு. அன்று விளைவைக் கண்டு நிலத்தை மதித்தனர். இன்று விலையைக் கண்டு மதிக்கிறோம். சாலையோர நன்செய் நெல்லால் பெறும் மதிப்பினும் மனையாகப் பெறும் மதிப்பு மிகுதியாகிவிட்டது. விலைக்கணக்கு மட்டுமே கணக்கானால், நெல் நீங்கி வேலி மட்டுமே எஞ்சும்.

அன்பர்களே! வருவாய்க் கணக்கின் பசலி ஆண்டும் இந்த ஆனித் திங்களிலேயே, சூலை முதல் நாளில், பிறக்கிறது. கோயில் நிலத்தை உழுவோரும் கோயில் மனையில் குடியிருப்போரும் தத்தம் கணக்கைப் பார்த்துக்கொள்வோமாக. நாம் நிறுத்தி வைக்கும் குத்தகை ஒவ்வொன்றும் திருவமுதில் குறையும் ஒரு பிடி நெல். அளப்போர் நீதியோடு அளக்கட்டும். அளிப்போர் நேர்மையோடு அளிக்கட்டும். ஓர் ஏழையடியார் இரந்த நெல்லுக்கு வேலியானவன் நம் அனைவர்க்கும் வேலியாவான்.

திருச்சிற்றம்பலம்.